ஊமையான கிடாரும் ஒரு பழைய மவுஸும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதன் பின்பக்கம் இருக்கும் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஓட்டைகளைப் பார்த்து எதை எங்கே சொருகுவது என்று விழிக்காதவர்கள் குறைவு. பச்சையில் ஸ்பீக்கரைச் சொருகிப் பாட்டு கேட்டதோடு பலருக்கும் அந்த ஆராய்ச்சி முடிந்துவிடும். மற்ற இரண்டும் தூசி படிந்து கிடக்கும். என் கம்ப்யூட்டரின் நீல ஓட்டைக்கு வேலை வந்தது சித்தப்பாவின் கிடாரால்தான்.

சித்தப்பா 1980-களின் கடைசியில் தொடங்கி பதினைந்து வருடம் போல மெல்லிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று அந்தக் கிடார் போகாத ஊர் இல்லை. குழு கலைந்ததும் அது பரணுக்குப் போனது. சென்ற வருடம் கீழே இறக்கிப் பார்த்தபோது அதிலிருந்த மூன்று பிக்கப்களில் இரண்டு செத்துப் போயிருந்தன. ஒரு கடையில் காட்டினோம். "மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு புது செட் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். சித்தப்பா ஒன்றும் பேசாமல் கிடாரை உறையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "கழுத்துப் பக்கத்து பிக்கப்லதான்டா நான் பி.ஜி.எம். எல்லாம் வாசிச்சேன். அத மாத்திட்டா அது வேற கிடாரு. நீ என்னமோ இஞ்சினீயரிங் படிச்சிருக்கியே, பாரேன்" என்றார்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சால்டரிங் அயனைக் கடைசியாகத் தொட்டது முதல் வருட லேபில். இருந்தாலும் "பார்க்கிறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கிடார் வாசிக்கத் தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்கும் தெரியாது.

பிக்கப் என்றால் என்ன?

கிடாரின் கம்பிகளுக்குக் கீழே நீளவாக்கில் பதித்திருக்கும் சிறிய பெட்டிதான் பிக்கப். பலரும் நினைப்பது போல அது மைக் அல்ல. நீங்கள் அதன் முன்னால் நின்று கத்தினாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. உள்ளே ஆறு சிறிய காந்தத் தண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவே உள்ள செம்புக் கம்பி. அவ்வளவுதான். கிடாரின் எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவு காயிலில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். பேட்டரி கிடையாது, ஐ.சி. கிடையாது. மில்லிவோல்ட் கணக்கில் வரும் அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது.

பொருள் எளிமையானது என்றாலும் கம்பியின் அளவு வியக்க வைக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடாரின் ஒரு பிக்கப்பில் பொதுவாக 7500 முதல் 8300 சுற்று வரை இருக்கும். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 13 அல்லது 14 சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். தீப்பெட்டியைவிட கொஞ்சம் நீளமான அந்தப் பொருளுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி அடங்கியிருக்கிறது! அதில் எந்த இடத்தில் அறுந்தாலும் பிக்கப் ஊமைதான்.

கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தேன்

வீட்டில் ஆம்ப்ளிஃபையர் இல்லை. கிடார் வயரின் தடித்த முனைக்கு ஒரு கன்வெர்ட்டர் ஜாக் வாங்கி, நீல நிற லைன்-இன் ஓட்டையில் சொருகினேன். இளஞ்சிவப்பு ஓட்டை மைக்குக்கு உரியது. மைக்குக்குத் தேவையான சிறிய மின்னழுத்தம் அதில் எப்போதும் வந்துகொண்டிருக்கும், ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்ற சாப்ட்வேர். 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் லைன்-இன் தேர்ந்தெடுத்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சைத் தவிர மற்ற எல்லாமே இரைச்சல் என்று எண்ணி அது கிடார் நாதத்தை விழுங்கிவிடும்.

உயிரோடு இருந்த நடு பிக்கப்பில் சித்தப்பா ஒரு மீட்டு மீட்டினார். அலைக்கோடு திரையில் ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. "என்னடா, போர்வைய மூடி வாசிச்ச மாதிரி இருக்கு? நடுவும் போயிடுச்சா?"

பிக்கப்பில் தவறு இல்லை, சொருகிய இடத்தில்தான் தவறு. இது கிடார் வைத்திருக்கும் புதிய கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரும் செய்யக்கூடியது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். கிடார் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு எதிர்ப்பு சுமார் 10 லட்சம் ஓம். கம்ப்யூட்டரின் லைன்-இன் எதிர்ப்பு சில பத்தாயிரம் ஓம்தான். பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட காயில். அதன் மீது இவ்வளவு சிறிய எதிர்ப்பைச் சுமத்தினால் உயர் ஸ்வரங்களின் பளபளப்பு போய்விடும். ஒல்லியான குழாயில் வரும் தண்ணீரை அகலமான கால்வாயில் திறந்துவிட்டு, வேகம் இல்லையே என்று வருத்தப்படுவது போலத்தான்.

யு.எஸ்.பி.யில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கினேன். அதில் இன்ஸ்ட்ருமென்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் உள்ளீட்டு எதிர்ப்பு கிடாருக்கு ஏற்றபடி உயர்ந்துவிடும். மறுபடி மீட்டினார். போர்வை விலகியது. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இப்போதெல்லாம் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான், லைன்-இன் கிடையாது. அவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

அந்த நடு பிக்கப்பின் ஒலியை ஒரு ஃபைலாகச் சேமித்தேன். பின்னால் ஒப்பிட அது தேவைப்படும்.

எங்கே அறுந்தது?

கழற்றுவதற்கு முன் மொபைலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டேன். எந்த வயர் எங்கே, காயில் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு ஞாபகம் இருக்காது. பிக்கப்பின் இரு வயர்களையும் பிரித்த பிறகுதான் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். பிரிக்காமல் கிடாரின் ஜாக்கில் வைத்து அளந்தால், காயில் அறுந்திருந்தாலும் வால்யூம் கன்ட்ரோலின் 250 கிலோ ஓம் வந்து நம்மை ஏமாற்றும்.

நடு பிக்கப் 5.5 கிலோ ஓம் காட்டியது. மற்ற இரண்டும் ஒன்றும் காட்டவில்லை, முழு முறிவு.

இங்கே அவசரப்படக் கூடாது. காயில் அறுந்தது என்றதும் முழுவதையும் பிரித்துச் சுற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கம்பியின் முனைகளில்தான் பிரச்சினை இருக்கும். கம்பி காயிலை விட்டு வெளியே வந்து கண்ணியில் சால்டர் ஆகும் இடம்தான் இழுபடும், வியர்வை படும், பச்சைக் களிம்பு பிடிக்கும். மேடையில் மூன்று மணி நேரம் வாசித்தவரின் வியர்வை எவ்வளவு இருக்கும்! பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பில் அப்படித்தான் இருந்தது. வெளிச்சுற்றின் முனை கண்ணி ஓரத்தில் களிம்பேறி அறுந்திருந்தது. ஊசியால் ஒரு சுற்றைத் தூக்கி, உப்புத்தாளால் எனாமலை மெல்லச் சுரண்டி, சிறு துண்டுக் கம்பி சேர்த்து சால்டர் வைத்தேன். மீட்டரில் 5.6. கால் மணி நேர வேலை. குப்பையில் போடச் சொன்ன பிக்கப்!

கழுத்துப் பக்கத்து பிக்கப் அவ்வளவு சுலபமாக விடவில்லை. வெளிமுனை நன்றாகவே இருந்தது. கம்பியின் உள்முனை காந்தத் தண்டுகளை ஒட்டித் தொடங்குகிறது. பழைய பிக்கப்களில் கம்பியை நேரடியாகக் காந்தத்தின் மீதே சுற்றியிருப்பார்கள். காந்தம் துருப்பிடித்தால் முதல் சுற்றுகள் போச்சு. அந்த இடத்தை எட்ட வேண்டுமானால் மேலே உள்ள அத்தனை சுற்றையும் எடுத்தாக வேண்டும். காந்தத்தைத் தட்டி வெளியே தள்ளிப் பார்க்கலாமா என்று நினைப்பவர்களுக்கு: தொடவே தொடாதீர்கள். அது உள்சுற்றுகளை எல்லாம் அறுத்துக்கொண்டு போகும்.

"பிரிச்சா பழைய சத்தம் வருமா?" என்று கேட்டார் சித்தப்பா. எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். ஒரு வாரம் அந்த பிக்கப் என் மேஜையில் அப்படியே கிடந்தது. அந்த வாரம் முழுக்கப் படித்தேன்.

கையால் சுற்றியவர்கள்

முதல் மின்காந்தக் கிடார் பிக்கப்பை 1931-ல் லாஸ் ஏஞ்சலீஸில் உருவாக்கியவர் ஜார்ஜ் போஷாம். சலவை மெஷினின் மோட்டாரைக் கழற்றிக் காயில் சுற்றினார் என்றும், பிறகு தையல் மெஷின் மோட்டாருக்கு மாறினார்கள் என்றும் அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1937-ல்தான் கிடைத்தது. பிற்காலத்தில் 1976-ல் தன் பெயரிலேயே புகழ்பெற்ற பிக்கப் கம்பெனியைத் தொடங்கிய சீமோர் டங்கன், பள்ளிப் பருவத்தில் அறுந்த பிக்கப்பை ரெக்கார்டு பிளேயர் தட்டின் மீது வைத்துச் சுற்றினாராம். நிமிடத்துக்கு 33 சுற்று என்றால் 8000 சுற்றுக்கு நான்கு மணி நேரம். அந்தப் பொறுமை எனக்கு இல்லை, தையல் மெஷின் மோட்டார்தான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ஃபெண்டர் கம்பெனியில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகேல் இபார்ரா. மெஷின் பாபினைச் சுற்றும், ஆனால் கம்பியை இடமும் வலமுமாக வழிநடத்தியது அவருடைய விரல்கள்தான். 2013-ல் ஓய்வு பெற்றார். அவர் சுற்றி, தன் பெயரின் முதலெழுத்தைக் குறித்த பிக்கப்களைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கையால் வழிநடத்தும்போது கம்பிகள் ஒழுங்காக அடுக்கடுக்காக உட்காராமல் குறுக்கும் நெடுக்குமாக விழுகின்றன. இதனால் சுற்றுகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் குறைகிறது, உயர் ஸ்வரங்கள் கொஞ்சம் திறந்து கேட்கின்றன. இன்று கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷினிலும் இதே தாறுமாறை ப்ரோகிராம் செய்துவிடலாம். ஆகவே கையால் சுற்றியது என்றாலே மந்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கலமசூ கதைதான். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அந்த ஊரில் கிப்சன் கம்பெனியின் இஞ்சினீயர் சேத் லவர், கரண்டின் ஹம் ஓசையை விழுங்கும் இரட்டைக் காயில் பிக்கப்பை வடிவமைத்தார். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஸ்டிக்கரை அடியில் ஒட்டி விற்றார்கள். பி.ஏ.எஃப். என்று இன்று கிடார்காரர்கள் பயபக்தியோடு சொல்வது இதைத்தான். இந்த பிக்கப்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று 7.5 கிலோ ஓம், இன்னொன்று 8.5-ஐயும் தாண்டும். சுற்றுகளைச் சரியாக எண்ணாமல், பாபின் நிரம்பியது கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்தியதுதான் காரணம் என்று சொல்கிறார்கள்.

அதைப் படித்தபோது சிரித்தேன். ஒரு கவுன்ட்டர் கூடவா சரியாக வைக்க முடியவில்லை இவர்களுக்கு?

எடை போட்டால் சுற்று தெரியும்

பழைய கம்பியைப் பிரித்து எண்ண முடியாது. பத்து சுற்றுக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிளேடால் கவனமாக வெட்டி எடுத்தேன். வெட்டிய கம்பியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு தெரிந்த நகைக் கடைக்குப் போனேன். தங்கம் நிறுக்கும் தராசில் செம்புக் குப்பையை வைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? 29 கிராம் சொச்சம். லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் அளந்ததில் எனாமலோடு சேர்த்துக் கம்பியின் கனம் 0.07 மில்லிமீட்டர். செம்பின் அடர்த்தி பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கணக்குப் போட்டதில் ஏறத்தாழ 1000 மீட்டர், 7400 சுற்று. நடு பிக்கப்பின் 5.5 கிலோ ஓமுக்கும் இது ஒத்துப்போனது. ஆக என் இலக்கு 7400.

புதுக் கம்பி வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். புத்தகங்களில் எல்லாம் 42 கேஜ் என்றுதான் போட்டிருந்தது. 42 கேஜ் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமன். கடைக்காரர் மேல் தவறில்லை. புத்தகங்கள் சொல்வது அமெரிக்க கேஜ், ஏ.டபிள்யூ.ஜி. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் சொல்வது பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. அமெரிக்க 42 என்பது சுமார் 0.063 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 42 என்றால் 0.10. நமக்கு வேண்டியது பிரிட்டிஷ் 46, அதாவது 0.061. அமெரிக்கக் கம்பியைவிட ஒரு இழை மெல்லியது, அதே நீளத்துக்கு எதிர்ப்பு 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கேஜ் எண்ணைக் கேட்காமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குங்கள்.

மவுஸ் எண்ணட்டும்

தையல்காரர் ஒருவரிடம் பழைய மெஷின் மோட்டார், பெல்ட், கால் பெடல் கிடைத்தது. பெல்ட்டால் சுழலும் ஒரு மரத்தட்டு, அதில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிய பாபின். பெடலை மிதிக்கும் அளவுக்குத் தக்கபடி வேகம். இனி சுற்றுகளை எண்ண வேண்டும். அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை, வீட்டில் கிடந்த பழைய யு.எஸ்.பி. மவுஸ் போதும்.

மவுஸின் மூடியைத் திறந்தால் இடது பட்டனுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். நாம் க்ளிக் செய்வது என்பது அதன் இரண்டு கால்களை ஒரு கணம் இணைப்பதுதான். அந்த இரு கால்களிலிருந்து இரண்டு வயர் இழுத்து, ஒரு ரீட் ஸ்விட்சில் சேர்த்தேன். காந்தம் அருகில் வந்தால் தானாக இணையும் சிறிய கண்ணாடிக் குழாய் அது. மரத்தட்டின் ஓரத்தில் ஒரு குட்டிக் காந்தம். தட்டு ஒருமுறை சுற்றினால் ஒரு க்ளிக். மவுஸின் அடியில் உள்ள ஒளிக் கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் கர்சர் ஓடிவிடும், அப்புறம் டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைல்கள் எல்லாம் தானாகத் திறக்கத் தொடங்கும். எனக்குத் திறந்தது.

விசுவல் பேசிக்கில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். திரை முழுக்க ஒரு ஜன்னல், அதன் மீது ஒவ்வொரு க்ளிக்குக்கும் எண் ஒன்று கூடும். தட்டைக் கையால் இருபது முறை சுற்றிப் பார்த்தேன், 20. ஐம்பது முறை, 50. கலமசூக்காரர்களை நினைத்து மறுபடி சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றத் தொடங்கினேன். காந்தத் தண்டுகளின் மீது முதலில் ஒரு சுற்று மெல்லிய டேப், துரு மறுபடி கம்பியைத் தொடாமல் இருக்க. கம்பிச் சுருள் தரையில் நின்றது. அதிலிருந்து மேலே வரும் கம்பியை இரு விரல்களுக்கு இடையே ஒரு துண்டு வெல்வெட் துணியில் பிடித்து வழிநடத்த வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அறும். விட்டுப் பிடித்தால் தொளதொளவென்று விழும். முதல் முயற்சி சில நூறு சுற்றிலேயே அறுந்தது. இரண்டாவதில் விரல் பழகியது. நிமிடத்துக்கு 400 சுற்று என்று நிதானமாகப் போனேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் 4050. இன்னும் பாதிக்குக் கிட்டத்தட்ட பாக்கி. "டேய், நிறுத்து நிறுத்து" என்றார் சித்தப்பா. பார்த்தால் பாபின் நிரம்பி, நடு பிக்கப் அளவுக்கு மேடாகிவிட்டிருந்தது!

கம்பி தடிமனா? இல்லை, அளந்துதான் வாங்கியது. பத்து நிமிடம் திகைத்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உங்களில் பலர் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே கற்றுக்கொண்ட விஷயம். இரண்டு க்ளிக் வேகமாக வந்தால் விண்டோஸுக்கு அது இரண்டு க்ளிக் அல்ல, ஒரு க்ளிக்கும் ஒரு டபுள் க்ளிக்கும். என் ப்ரோகிராம் க்ளிக்கை மட்டும் எண்ணியது, டபுள் க்ளிக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. கையால் மெதுவாகச் சுற்றிச் சோதித்தபோது எல்லாம் தனித்தனி க்ளிக், சரியாக எண்ணியது. மோட்டார் வேகமெடுத்ததும் சரிபாதி காணாமல் போனது. மெதுவாக ஓடிய தொடக்கமும் நிறுத்தங்களும் எத்தனை சுற்று, வேகமாக ஓடியது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆபீஸில் சொல்லவில்லை.

ப்ரோகிராமில் டபுள் க்ளிக்குக்கும் ஒன்று கூட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் பாபினில் இருந்த காயிலை என்ன செய்வது? வெட்டிவிட்டுச் சரியாக 7400 சுற்றிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். "இவ்ளோ நேரம் சுத்திட்டு, கேட்காமலே வெட்டுவியா? ஒரு தடவ மாட்டிப் பாரு, அப்புறம் வெட்டிக்க" என்றார்.

மெழுகும் ஸ்க்ரூடிரைவரும்

மாட்டுவதற்கு முன் மெழுகில் ஊறவைக்க வேண்டும். சுற்றுகளுக்கு இடையே காற்று இருந்தால் கம்பி தானே அதிர்ந்து, ஒலியைக் கூட்டும்போது கீச்சென்று கத்தும். மெழுகுவத்தி மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகைத் தீயில் நேரடியாக வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சூடு 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடலாம். பாத்திரம் உங்களுடையதாக இருக்கட்டும். நான் எடுத்தது பால் காய்ச்சும் பாத்திரம்.

வெளியே எடுத்து அளந்தால் 6.8 கிலோ ஓம். பயந்துவிட்டேன். ஆற ஆற எண் இறங்கி 6.2-ல் நின்றது. செம்பு சூடானால் எதிர்ப்பு கூடும், டிகிரிக்கு 0.4 சதவீதம் போல. பிக்கப்பைச் சூட்டோடு அளக்காதீர்கள். 6.2 என்றால் கம்பியின் நீளம், சுற்றின் நீளம் என்று பின்னோக்கிப் போட்ட கணக்கில் 7700-ஐ ஒட்டி வந்தது. அது ஒரு மதிப்பீடுதான்.

இன்னொரு சோதனை பாக்கி. காயில் சுற்றும் திசை மாறியிருந்தால், நடு பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒலி சன்னமாகிவிடும். இதைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். ஆடாசிட்டியில் ரெக்கார்ட் போட்டு, பிக்கப்பின் மீது ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சட்டென்று தூக்குங்கள். அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் துள்ளல் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று தெரியும். நடு பிக்கப்பிலும் அதே பக்கம் போனால் சரி. எனக்கு இரண்டும் மேலே போயின.

அனலைஸ் மெனுவில் உள்ள ப்ளாட் ஸ்பெக்ட்ரம் என்பதையும் போட்டுப் பார்த்தேன். வாசிக்காமல் ரெக்கார்ட் செய்ததில் 50, 150 ஹெர்ட்ஸில் கூரிய முனைகள். நம் வீட்டுக் கரண்டின் ஹம்தான் அது. ஒற்றைக் காயில் பிக்கப்பில் அது இருக்கத்தான் செய்யும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி இரைச்சல் குறையலாம்.

சித்தப்பா வாசித்தார்

கம்பிகளை மாட்டி, சுருதி சேர்த்து, ஸ்விட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளினார். இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு. இருபது வருடமாக வாசிக்காத விரல்கள், இரண்டு மூன்று இடத்தில் தடுமாறின. நிறுத்தினார். மறுபடி வாசித்தார். நான் திரையில் நடு பிக்கப்பின் ஸ்பெக்ட்ரத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் இது கொஞ்சம் தணிந்திருக்கிறது, சுற்று அதிகமானால் அப்படித்தான் ஆகும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பழைய சத்தம் இதுதானா சித்தப்பா?"

"முழுசா இல்ல. அது இன்னும் கொஞ்சம் கூர்மையா இருக்கும்னு ஞாபகம். ஞாபகம்தானே." மறுபடி மீட்டினார். "இது நல்லாருக்குடா."

"கவுன்ட்டர் சரி பண்ணிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம 7400 கரெக்ட்டா சுத்திடலாம். கம்பி மிச்சம் இருக்கு."

"தொடாத."

மூடுவதற்கு முன் பிக்கப்பின் அடியில் ஒட்ட ஒரு சீட்டு எழுதினேன். அடுத்து யார் திறந்தாலும் தெரிய வேண்டும் அல்லவா? கம்பி: 0.061 மி.மீ. எதிர்ப்பு: 6.2 கிலோ ஓம், ஆறிய பிறகு. திசை: நடு பிக்கப்பைப் போலவே. சுற்று என்ற இடத்தில் 7700 என்று எழுதி, அடித்துவிட்டு, 'நிரம்பும் வரை' என்று எழுதினேன்.